காரின் ஏ.சி. கேஸ் எங்கே கசிகிறது? அறிகுறியைப் பிடித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

"கேஸ் தீர்ந்துவிட்டது, அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லிக்கொண்டுதான் கோடையின் தொடக்கத்தில் பலரும் ஏ.சி. பட்டறைக்கு வருகிறார்கள். பெட்ரோல் தீர்வதுபோல ஏ.சி. கேஸ் தீர்வதில்லை. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மூடிய சுற்று ஒன்றுக்குள் அது ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கிறது, எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது. அந்த வழியைத் தேடாமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்பி அனுப்புவதைப் பழுது பார்த்தல் என்று நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கேஸ் கசிவது எல்லாக் கார்களுக்கும் இயல்பு. எனவே ஐந்தாறு ஆண்டு ஓடிய காரில் குளிர்ச்சி சற்றே மங்கினால், அதில் ஓட்டை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் போன கோடையில் நிரப்பிய கேஸ் இந்தக் கோடையில் இல்லை என்றால் கசிவு உறுதி.

கீழே உள்ளவை இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸை வைத்து எழுதப்பட்டவை. புதிய மாடல்கள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது. அது மெதுவாகத் தீப்பற்றக்கூடியது, அதற்கான இணைப்பு முனைகளும் இயந்திரமும் தனி. பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டக் கூடாது.

முதலில், இது கசிவுதானா?

குளிர்ச்சி குறைந்த காருக்கெல்லாம் கேஸ்தான் குறை என்று முடிவு கட்டினால் நல்ல கேஸையும் வீணாக்குவோம். வென்ட்டிலிருந்து வரும் காற்றே குறைவாக இருந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், புளோயர் மோட்டார் தளர்ந்திருக்கலாம். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் அனல் அடித்தால் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்டென்சரின் முகத்தில் சேறும் பூச்சியும் படிந்திருந்தாலும் இதே விளைவுதான். ஒரு பக்க வென்ட்டில் மட்டும் சூடாக வந்தால், டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவு சிக்கியிருக்கலாம், கேஸ் குறைந்தும் இருக்கலாம். அதைக் கேஜ்தான் பிரித்துச் சொல்லும்.

என்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் வைத்து, வெளி வெப்பம் 35 டிகிரி உள்ள நாளில் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள காரில் தாழ்பக்க கேஜ் (கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) ஏறத்தாழ 30 முதல் 45 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரையும், உயர்பக்க கேஜ் (கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கம்) 200 முதல் 250 வரையும் காட்டும். கேஸ் குறைந்த காரில் இரண்டு முள்ளும் சேர்ந்தே தாழ்ந்து நிற்கும். உயர்பக்கம் மட்டும் 300-ஐத் தாண்டி ஏறினால் அது ஃபேன் கோளாறாகவோ, கண்டென்சர் அடைப்பாகவோ, யாரோ கேஸை அளவுக்கு மீறி அடைத்ததாகவோ இருக்கும். தாழ்பக்கம் மேலேயும் உயர்பக்கம் கீழேயும் வந்து இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரசர் அழுத்தம் ஏற்றவில்லை என்று பொருள். இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருக்கும் காருக்குத்தான் இனி வரும் வழிமுறை.

காதால் அறியும் அடையாளம் ஒன்றும் உண்டு. மேக்னெட் கிளட்ச் உள்ள கம்ப்ரசர் "டிக்" என்று பிடித்து, சில நொடிகளிலேயே விட்டு, மீண்டும் பிடித்துக்கொண்டே இருந்தால், தாழ்பக்க அழுத்தம் சட்டென்று விழுந்து சுவிட்ச் அதை நிறுத்துகிறது என்று பொருள். கேஸ் குறைந்ததன் நேரடி விளைவு இது. கிளட்ச் இல்லாத மாறுதிறன் கம்ப்ரசர்களில் இந்த ஒலி கேட்காது.

என்ஜின் நின்றிருக்கும்போது அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் குளிரவில்லை

பட்டறைகளில் அதிகம் பேர் தவறும் இடம் இது. கார் நிழலில் சில மணி நேரம் நின்று, என்ஜின் குளிர்ந்த பிறகு கேஜை மாட்டினால் இரு பக்கமும் ஒரே அழுத்தத்தைக் காட்டும். ஆர்-134ஏ-வுக்கு அந்த அழுத்தம் வெப்பத்தை மட்டுமே பொறுத்தது: 25 டிகிரியில் சுமார் 82 பி.எஸ்.ஐ., 30 டிகிரியில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114. சுற்றுக்குள் சிறிதளவு திரவம் மிஞ்சியிருக்கும் வரை இந்த எண் மாறாது. வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டர் பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில் எரிவதைப் போன்றது இது. ஆகவே 30 டிகிரியில் 97 இருக்கிறது என்பதால் கேஸ் முழுதாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதே வெப்பத்தில் 60 காட்டினால் திரவம் முழுதும் போய் ஆவி மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

சரியான அளவை அறிய ஒரே வழி, மீட்பு இயந்திரத்தால் உள்ளிருக்கும் கேஸ் முழுவதையும் உறிஞ்சி எடை போடுவதுதான். லேபிளில் 400 கிராம் என்றிருந்து 260 கிராம் மட்டும் வந்தால் 140 கிராம் போயிருக்கிறது. முழு அளவு நிரப்பி இரண்டு ஆண்டு ஆகிறது என்று உரிமையாளர் சொன்னால், ஆண்டுக்கு 70 கிராம். இது நாளொன்றுக்கு 0.2 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஆவியாகக் கணக்கிட்டால் மணிக்கு 2 மில்லிலிட்டர். இந்த வேகத்தைச் சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கு 4 கிராம் கசியும் ஓட்டையில் கடுகளவு குமிழ் ஒன்று உருவாகவே ஓரிரு நிமிடம் ஆகும். அங்கே கண்ணை நம்ப முடியாது, நல்ல மின்னணு டிடெக்டர் வேண்டும். எந்தக் கருவியை எடுப்பது என்பதை இந்தக் கணக்கு தேடத் தொடங்கும் முன்பே தீர்மானித்துத் தருகிறது என்பதால்தான் எடையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நேற்று வரை குளிர்ந்தது, இன்று சுத்தமாக இல்லை

ஒரே நாளில் கேஸ் முழுவதும் போயிருந்தால் ஓட்டை பெரியது. பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். முதலில் கண்டென்சரைப் பாருங்கள். அது பம்பருக்கு நேர் பின்னால் நிற்பதால், நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் தெறித்துவிடும் கல் நேராக அதில்தான் படும். அடிபட்ட இடத்தில் ஃபின் என்னும் மெல்லிய உலோகத் தகடு மடங்கி, சுற்றிலும் எண்ணெய்க் கசிவு ஈரமாகப் பரவியிருக்கும். அடுத்தது ஹோஸ்: என்ஜின் அசையும்போது ஏதாவது ஒரு தாங்கியில் உரசிப் பொத்துக்கொண்டிருக்கலாம், அண்மையில் வேறு வேலைக்காகக் கழற்றிய இடத்தில் குழாய் வளைந்து விரிசல் விட்டிருக்கலாம். ஃபேன் நின்று உயர்பக்க அழுத்தம் எல்லை மீறி ஏறியதால், கம்ப்ரசரில் உள்ள பாதுகாப்பு வால்வு திறந்து கேஸை வெளியே விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் பழுது ஃபேனில் இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் கேஸ் நிரப்பினால் மறுபடியும் அதேதான் நடக்கும்.

ஒரு கோடை தாங்குகிறது, அடுத்த கோடைக்குள் போய்விடுகிறது

பெரும்பாலான கசிவுகள் இந்த வகைதான். இதற்குப் பொறுமை வேண்டும். கேஸ் அடிக்கும் பட்டறைகள் பலவற்றில் இதற்கு நேரம் ஒதுக்குவதே இல்லை.

கருவி எதையும் எடுக்கும் முன், பானெட்டைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். கேஸோடு கலந்து ஓடும் பி.ஏ.ஜி. என்னும் கம்ப்ரசர் எண்ணெயும் ஓட்டை வழியே சேர்ந்து கசியும். கேஸ் காற்றோடு போய்விடும், எண்ணெய் தங்கித் தூசியைப் பிடித்துக் கரிய படலமாகும். மற்ற குழாய்களெல்லாம் வறண்ட தூசியோடு இருக்க, ஓர் இணைப்பு மட்டும் பிசுபிசுவென்றிருந்தால் அங்கே சந்தேகக் குறி வையுங்கள். ஆனால் துடைத்துவிடாதீர்கள்; டிடெக்டர் வைக்கும் நேரத்தில் துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, யாரும் மதிக்காத ஓரிடம்: கேஸ் நிரப்பும் இரண்டு முனைகளிலும் உள்ள ஊசி வால்வு. டயர் டியூபில் இருப்பது போன்ற சிறிய ஊசி வால்வுதான் இது. தாழ்பக்க முனை 13 மி.மீ. விட்டமும் உயர்பக்க முனை 16 மி.மீ. விட்டமும் கொண்டவை. ஒவ்வொரு முறை கேஜ் மாட்டும்போதும் இந்த ஊசி அழுத்தப்படுகிறது; மூடியில்லாமல் விட்டால் மணல் புகுந்து சீலைக் கீறிவிடுகிறது. மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான் இரண்டாவது தடுப்பு, ஆகவே மூடி இல்லாத காரைக் கண்டால் தேடலை அங்கிருந்தே தொடங்குங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் நான்கு சொட்டைச் சிறிது நீரில் கரைத்து, ஊசி முனைக் குழியை நிரப்பிவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். கசிவு இருந்தால் குழியின் நடுவே கடுகளவு குமிழ் ஒன்று மெல்லப் பருத்து, கண்ணாடிபோல் மின்னி, உடைந்து, அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். பத்து ரூபாய் பொருள் ஒன்றுக்காகக் கண்டென்சரையே மாற்றிவிட்டு வந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்த இணைப்புகள். கம்ப்ரசரின் பின்புற இரு குழாய்கள், கண்டென்சரின் நுழைவும் வெளியேற்றமும், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வின் முகப்பு, அழுத்த சென்சாரின் அடி என்று ஒவ்வொன்றையும் வரிசையாகப் பாருங்கள். ரப்பர் ஹோஸும் அலுமினியக் குழாயும் நசுக்கிப் பிணைக்கப்பட்ட இடங்களில் கசிவு வெப்பத்தோடு மாறும். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்ளும் இடம், சூட்டில் அசையும்போது திறக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போதே ஹோஸை மெல்ல அசைத்துக்கொண்டு சோதிப்பது நல்லது.

மின்னணு டிடெக்டரைப் பயன்படுத்துவதில் சில ஒழுங்குகள் உண்டு. எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே-2791 தரத்துக்கு உட்பட்ட கருவி ஆண்டுக்கு 4 கிராம் கசிவையும் கண்டுபிடிக்கும். ஆனால் அதன் முனையைப் பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் வைத்து, நொடிக்கு 7 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நகர்த்த வேண்டும். ஆர்-134ஏ காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது, ஆகவே ஒவ்வொரு இணைப்பின் அடிப்பக்கத்திலும் தேடுங்கள்; மேலே தேடினால் கிடைக்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஷட்டரைப் பாதி இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காற்றோட்டம் இருக்கும் இடத்தில் சிறு கசிவு கலைந்துவிடும். பெட்ரோல் ஆவி, பிரேக் கிளீனர், டேஷ்போர்டு பாலிஷ், காருக்குள் தொங்கும் வாசனைப் புட்டி ஆகியவற்றுக்கும் கருவி கத்தும். ஒரே இடத்தில் மூன்று முறை எடுத்து வைத்தும் கத்தினால்தான் அதைக் கசிவு என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்போது சோதிப்பது என்பதும் முக்கியம். ஏ.சி. ஓடும்போது கண்டென்சர் பக்கம் 200-க்கு மேல் அழுத்தம் இருக்கிறது. எனவே அந்தப் பக்க இணைப்புகளை ஏ.சி.யைச் சற்று நேரம் ஓட்டி நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். கூலிங் காயிலிலும் திரும்பும் குழாயிலும் ஓடும்போது 30-தான் இருக்கிறது, நிறுத்திய பிறகு வெப்பநிலைக்கேற்ப 90, 100 என்று ஏறுகிறது. ஆகவே தாழ்பக்கத்தைக் கார் நின்று அழுத்தம் சமமான பின்புதான் சோதிக்க வேண்டும், ஏ.சி.யை ஓடவிட்டுக்கொண்டே கூலிங் காயிலில் கசிவைத் தேடுவது, அழுத்தம் மிகக் குறைந்திருக்கும் வேளையில் தேடுவதாகும். எந்தச் சோதனைக்கும் உள்ளே குறைந்தது 50 பி.எஸ்.ஐ.யாவது இருக்க வேண்டும்.

பழைய ஃபிரிட்ஜ் பட்டறைகளில் இருந்த ஹாலைடு விளக்கை இதற்குப் பயன்படுத்தப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் சுடர் குளோரின் பட்டால்தான் பச்சையாகும். பழைய கேஸான ஆர்-12-இல் குளோரின் இருந்தது, ஆர்-134ஏ-வில் இல்லை. ஆகவே கசிவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது காட்டாது. சுடரில் படும் கேஸ் சிதைந்து நுரையீரலை அரிக்கும் அமில ஆவியைத் தரும் என்பதால் கசிவுச் சோதனையில் தீயே வேண்டாம்.

பானெட்டின் உட்பக்கத்தில் கம்ப்ரசருக்கு நேராக எண்ணெய்க் கோடு

கம்ப்ரசரின் முன்புற ஷாஃப்ட் சீல் கசிந்தால், வெளிவரும் எண்ணெயைச் சுழலும் கிளட்ச் சுற்றிலும் வீசியடிக்கும். அது பானெட்டின் அடியிலும் பக்கத்துப் பாகங்களிலும் மெல்லிய ஒரு கோடாகப் படியும். என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளியின் கீழ்ப்புறம் டிடெக்டரை வைத்துச் சில நொடிகள் காத்திருங்கள். பல மாதம் ஓட்டாமல் நிறுத்திவைத்த கார்களில் இந்தச் சீல் எண்ணெய் வற்றி விறைத்துப்போகிறது; மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டச் சொல்வதன் காரணம் இதுதான்.

பானெட்டுக்குள் எதுவுமே அகப்படவில்லை

எல்லா இணைப்பும் வறண்டிருக்கிறது, டிடெக்டர் அமைதியாக இருக்கிறது, கேஸ் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். அதன் ஈரமான ஃபின்களில் இலைத்துகளும் தூசியும் சேர்ந்து அடிமூலையில் பஞ்சுபோல் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஈரம் காயாமலேயே கிடந்து அலுமினியத்தைப் புள்ளிபுள்ளியாக அரிக்கிறது. வேப்பமரத்தடியில் கார் நிறுத்துபவர்களின் காயிலில் இதை அடிக்கடி காண்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று நுழைவுத் தட்டியைத் துப்புரவாக வைத்திருந்தால் பாதி தப்பிக்கலாம்.

இதைச் சோதிக்க டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம். ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, புளோயரை முழு வேகத்தில் 15 நொடி ஓட்டி உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றுங்கள். புளோயரையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். கசியும் கேஸ் கனமானது என்பதால் காயில் பெட்டியின் அடியில் தேங்கும். பிறகு காருக்கு அடியில் நீர் சொட்டும் வடிகுழாயின் வாயில் டிடெக்டரின் முனையை வையுங்கள். நீர் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே நுழைக்காதீர்கள், சென்சார் கெட்டுவிடும். நடு வென்ட்டின் அடிப்பகுதியிலும் ஒருமுறை பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், நான்கு கோடையாகக் கேஸ் அடித்துச் சலித்துப்போய்த் தம் காரைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் அனுமானமாகக் கண்டென்சரை மாற்றியிருந்தார்கள், அதன் பிறகும் ஐந்து மாதம்தான் தாங்கியது. வடிகுழாயில் டிடெக்டர் விட்டுவிட்டுத்தான் கத்தியது; அதை மட்டும் நம்பி டேஷ்போர்டை இறக்க எனக்கு மனம் வரவில்லை. கசிவு காட்டும் சாயத்தைத் தாழ்பக்கம் வழியாக ஏற்றி, பத்து நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வந்த அன்று இருட்டிய பிறகு விளக்குகளை அணைத்து, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, புற ஊதா டார்ச்சைக் காருக்கு அடியில் பிடித்தோம். வடிகுழாயின் உதட்டில் தொங்கிய சொட்டு எலுமிச்சைப் பச்சையாக ஒளிர்ந்தது. அது விழுந்த சிமெண்டுத் தரையிலும் சிறு பச்சை வட்டம் ஒன்று படர்ந்தது. காயிலைக் கழற்றி, அடிமூலையில் அப்பியிருந்த மண்ணையும் இலைச்சருகையும் நீக்கியபோது வெள்ளைப் பொடி பூத்த ஒரு திட்டு தெரிந்தது. வெறும் கண்ணுக்கு ஓட்டை எதுவும் புலப்படவில்லை. முனைகளை அடைத்து நைட்ரஜன் ஏற்றி நீரில் அமிழ்த்தியதும், அந்தத் திட்டிலிருந்து நூல் கோத்ததுபோல் குமிழ்கள் வரிசையாக எழுந்தன. உரிமையாளர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுச் செலவு எங்கே போனது என்பதை அப்போதுதான் அவர் கண்ணால் கண்டார்.

சாயத்தை லேபிளிலோ புட்டியிலோ சொன்ன அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. சிறிய காரின் சுற்றில் உள்ள எண்ணெயே 100 மில்லிலிட்டருக்கு அக்கம்பக்கம்தான், அதை நீர்க்கச் செய்தால் கம்ப்ரசருக்குக் கேடு. ஹைப்ரிட், மின்சார கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் அதற்கென்று வகுத்த எண்ணெயும் சாயமும் தவிர வேறெதையும் ஏற்றவே கூடாது.

பின்னாலும் ஏ.சி. உள்ள ஏழு இருக்கை வண்டிகள்

இவற்றில் தரைக்கு அடியிலேயே நீண்டு போகும் அலுமினியக் குழாய்களை மறக்காதீர்கள். குழாயை உடலோடு பிடிக்கும் கிளிப்புக்குள் சேறும் உப்பும் தங்கி அரிக்கும். கடலோர ஊர் வண்டிகளில் இது சாதாரணம். கிளிப்பைக் கழற்றினால்தான் தெரியும்.

வேக்கம் நிற்கிறது, ஆனால் கேஸ் நிற்கவில்லை

சுற்றுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்பை ஓட்டி, அரை மணி நேரம் முள் அசையவில்லை என்று காட்டி, "கசிவே இல்லை" என்று சான்று தருவது வழக்கமாகிவிட்டது. இதை ஏற்க முடியாது. வேக்கத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 14.7 பி.எஸ்.ஐ. மட்டுமே, ஓடும்போது உயர்பக்கம் தாங்க வேண்டியதோ 200-க்கு மேல். அதுவுமல்லாமல் வேக்கம் உள்நோக்கி இழுக்கிறது. வெளிநோக்கித் தள்ளும்போது விலகும் ஓ-ரிங், உள்நோக்கி இழுக்கும்போது தன் இருக்கையில் ஒட்டிக்கொள்ளலாம். வேக்கம் நிற்காவிட்டால் கசிவு உண்டு என்பது உறுதி. நின்றால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சுற்றில் கேஸ் இல்லாத நிலையில் சோதிக்க உலர் நைட்ரஜன்தான் சரி. சிலிண்டருக்குள் 150 பார் அளவில் இருப்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் திறப்பது உயிருக்கே ஆபத்து. சுற்றில் 150 பி.எஸ்.ஐ. ஏற்றி, வால்வை மூடி, எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம். அதில் ஈரம் இருக்கிறது, அழுத்தத்தில் ஆர்-134ஏ-வும் காற்றும் கலந்த கலவை தீப்பற்றவும் கூடும்.

இரவு முழுவதும் நைட்ரஜனை நிறுத்திவைத்துக் காலையில் பார்ப்பவர்கள் வெப்ப வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாலையில் 35 டிகிரியில் 150 காட்டிய முள், விடிகாலையில் 27 டிகிரியில் 146-க்கு அருகில் நிற்கும்; அது கசிவு அல்ல, வாயு சுருங்கியதுதான். 130-க்கு இறங்கியிருந்தால் கசிவு.

சோப்பு நுரைக்கும் அகப்படாத கசிவுகளுக்கு, 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனையும் அதற்கென்று உள்ள டிடெக்டரையும் பயன்படுத்தும் பட்டறைகள் உண்டு. இந்த விகிதத்தில் அக்கலவை தீப்பற்றாது. மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் ஹைட்ரஜன் எந்த நுண் ஓட்டையிலும் நுழைந்து வெளிவரும்.

பழுது பார்த்து ஒரு வாரத்திலேயே மறுபடியும் போய்விட்டது

அண்மையில் கழற்றிய இணைப்பிலேயே தேடுங்கள். பழைய ஓ-ரிங்கை மறுபடியும் போட்டிருப்பார்கள், அளவில் ஒத்த சாதாரண ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டிருப்பார்கள், அல்லது எண்ணெய் தடவாமல் மாட்டியதில் வளையம் முறுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டிருக்கும். நட்டை இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைப்பது பிழை. அலுமினிய முகப்பு வளைந்துபோகும். கழற்றி, முகப்பைத் துணியால் துடைத்து, கீறல் இல்லை என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்து, ஏ.சி.க்கென்று தயாரித்த புதிய வளையத்தை எண்ணெய் தொட்டு மாட்ட வேண்டும்.

ஓட்டை கிடைத்த பிறகு

கசிவை உள்ளிருந்தே அடைப்பதாகச் சொல்லி விற்கும் திரவங்களை ஊற்றாதீர்கள். எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையை அவை அடைத்துவிடலாம், அடுத்த பட்டறையின் மீட்பு இயந்திரத்தையும் பாழாக்கலாம். கண்டென்சரையோ கூலிங் காயிலையோ பற்றவைத்து ஒட்டுவதும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அரிப்பு ஒரு புள்ளியில் வெளிப்பட்டிருந்தால் பக்கத்திலேயே வேறு புள்ளிகளும் முற்றிக்கொண்டிருக்கும். சுற்று திறந்தே கிடந்திருந்தால் டிரையரை மாற்றுங்கள், ஏனென்றால் பி.ஏ.ஜி. எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். மாற்றிய பாகத்துக்கு உரிய எண்ணெயை அளந்து ஊற்றி, நைட்ரஜன் சோதனை முடித்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம் எடுத்து, கேஸை எடை பார்த்து நிரப்புங்கள்.

கேஸை வாங்கும் இடத்திலும் விழிப்பு வேண்டும். 2011-இல் மெத்தில் குளோரைடு கலந்த போலி ஆர்-134ஏ நிரப்பப்பட்ட குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டதுமே தீப்பற்றும் பொருளாக மாறுகிறது. கார் ஏ.சி.யின் கண்டென்சரும் காயிலும் குழாயும் அலுமினியம்தான் என்பதால், சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கும் பெயரறியாத சிலிண்டரை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

உள்ளே மிஞ்சியிருக்கும் கேஸைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குவதும் வேண்டாம். ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், 1430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். ஒரு சிறிய காரின் 400 கிராம், சுமார் 250 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். திரவமாகத் தெறித்தால் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும், ஏனென்றால் திறந்த வெளியில் அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது. கேஜ் கழற்றும்போது கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இருக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் மூன்று எண்களை உரிமையாளரின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள்: எடுத்த கேஸ் எத்தனை கிராம், நிரப்பியது எத்தனை கிராம், எந்தத் தேதி. ஊசி வால்வுகளின் இரண்டு மூடிகளையும் கையால் இறுக்கி, சோப்பு நீரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பானெட்டை மூடுங்கள்.